வரையத் தெரிந்த பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

நன்றாக வரையும் பிள்ளையை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கண்டுபிடிப்பது சுலபம். பயாலஜி ரெக்கார்டு நோட்டுகள் யார் வீட்டுக்குப் போகின்றன என்று பார்த்தால் போதும். தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம், மனிதக் கண் எல்லாம் பாதி வகுப்புக்கு அந்த ஒரு பிள்ளைதான் வரைந்து கொடுத்திருக்கும். குடியரசு தினத்துக்குக் கரும்பலகையில் கொடி வரைய, ஆண்டு விழா மேடைக்கு எழுத்து வெட்ட, அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட் போட, எதற்கும் அதே பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அந்தக் கையைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். கட்ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ் கிடைக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸா, நர்சிங்கா என்பதோடு முடிந்துவிடும்.

என் சித்தி மகள் அப்படி ஒரு பிள்ளை. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி, கடைசி இரண்டு வருடம் பயோ மேத்ஸ் குரூப். சித்தப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார். சித்தி இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார், விலை நின்றால் தக்காளியிலும் கொஞ்சம் காசு வரும். போன வருடம் ரிசல்ட் வந்த வாரத்தில் அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, எனக்கு ட்ராயிங் சம்பந்தமா ஏதாவது படிக்கணும். அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு சொல்றாரு. நீங்க வந்து பேசுங்கக்கா, நீங்க சொன்னா கேட்பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சித்தப்பா சுற்றி வளைக்கவில்லை. "வரைஞ்சா சோறு கிடைக்குமா கண்ணு?" என்று கேட்டார்.

நான் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஓசூரில் இருசக்கர வாகனங்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். சித்தப்பா கேட்ட கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி. அன்று திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், சித்தப்பாவின் பயம் நியாயமானது. அவர் வயதுக்காரர்கள் வரைந்து பிழைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுக்கொண்ட ஒருவர் இருப்பார். கடை போர்டு, லாரியின் பின்பக்கம், கட்சிச் சுவர் விளம்பரம், கோயில் கோபுரத்துக்கு வர்ணம் என்று கை ஓயாமல் வேலை இருக்கும். 2000க்குப் பிறகு பிளக்ஸ் மெஷின் வந்தது. சில வருடங்களிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது. சிலர் கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளைக் கற்றுக்கொண்டு டிடிபி சென்டர் வைத்தார்கள், பலர் பெயின்ட் அடிக்கிற கூலி வேலைக்குப் போனார்கள்.

அவர் பார்த்த இன்னொரு வகை ஓவிய ஆசிரியர். லோயர், ஹையர் என்று அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுதி, டிடிசி என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் முடித்துக் காத்திருந்தவர்கள். 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடங்கள் போராடியதை டிவியில் பார்த்த ஒரு தகப்பன், தன் மகளை அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன் என்று சொன்னால் அவரைப் பிடிவாதக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரைகிற கைக்கும் பார்க்கிற கண்ணுக்கும் சம்பளம் கொடுக்கிற வேலைகள் இந்த இரண்டோடு முடிந்துவிடவில்லை. அவற்றில் நிறைய அவர் வீட்டிலிருந்து ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் பெங்களூரு சேருகிற அதே பாதை. அதில்தான் அவர் வாராவாரம் வேலைக்குப் போகிறார்.

ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் உற்பத்தி தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே உருவான ஒவ்வொரு வண்டியின் டேங்க் வளைவையும், ஹெட்லைட் வடிவத்தையும் ஒரு மனிதர் முதலில் காகிதத்தில் கோடாக இழுத்திருக்கிறார். டைட்டனின் ஓசூர் ஆலையில் செய்த 'எட்ஜ்' கைக்கடிகாரத்தின் உள்இயந்திரம் 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த அளவுக்குள் அடங்கி அழகாகவும் இருக்கிற டயலை யோசிப்பது பொறியியலும் ஓவியமும் சேர்ந்த வேலை. தனிஷ்க் நகைகளின் ஆலையும் ஓசூரில்தான். ஒரு நெக்லஸ் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் யாரோ வரைந்துதான் ஆக வேண்டும். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் டின்னில் அடைத்து வெளிநாடு போகிறது, அந்த டின்னுக்கு லேபிள் வேண்டும். தருமபுரி அங்காடிக்கு வருகிற பட்டுக்கூடு நூலாகி, சேலையாகி, முந்தானையில் ஒரு டிசைனாக முடிகிறது.

இதில் சித்தப்பாவை அசைத்தது நான் சொன்ன களிமண் விஷயம். புது பைக்கோ காரோ சந்தைக்கு வருவதற்கு முன்னால் அதை நிஜ அளவில் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகுகிற தொழிற்சாலைக் களிமண் அது. இரும்புச் சட்டத்தின் மேல் ஃபோம் ஒட்டி, அதன் மேல் களிமண்ணைப் பூசி, சுரண்டி, வழித்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்த ஒரு வளைவு நேரில் பார்த்தால் தொய்ந்து தெரியும். அதைக் கண்டுபிடிக்கத் தொட்டுப் பார்க்கிற கை வேண்டும். கிளே மாடலர் என்று அந்த வேலைக்குப் பெயர். சிற்பம் படித்தவர்களை இதற்கு எடுப்பதுண்டு. "ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யறவங்க மாதிரியா?" என்று சித்தப்பா கேட்டார். ஆமாம், ஏறக்குறைய அதே கைத்திறன்தான், மாதச் சம்பளத்தில் என்றேன்.

என் வேலையும் வெளியிலிருந்து பார்த்தால் கலை என்று தெரியாது. காலையிலிருந்து மாலைவரை கேட்டியா என்கிற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் பாகங்களை வரைகிறேன். ஒரு பக்க மூடி அச்சிலிருந்து சிக்காமல் வெளியே வர வேண்டும், எங்கே கிளிப் வரும், எங்கே சுவர் தடிமன் மாறினால் மேலே குழி விழும் என்று பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் வெளிப்புற வளைவில் வெளிச்சம் விழுந்து ஓடுகிற கோடு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. அந்த ஒரு இடத்தில் நான் சிறுவயதில் வரைந்ததெல்லாம் உதவுகிறது. ரொம்பப் பிடித்துத்தான் செய்கிறேன்.

படிப்பைத் தேடும்போது பட்டத்தின் பெயரை வைத்துத் தேடினால் இந்த வேலைகள் கண்ணில் படாது. சிறப்பான பெயருள்ள ஒரு பட்டத்தில் நாள்முழுக்கக் கட்டுரை எழுதவைப்பார்கள், சலிப்பான பெயருள்ள இன்னொன்றில் நாள்முழுக்க வரையவைப்பார்கள். அதனால் ஒரு படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது, அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையிடம் போன வாரம் என்னென்ன செய்தாய் என்று கேளுங்கள். கையேட்டில் இல்லாத விவரம் அதில் கிடைக்கும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். என் முழுக் கருத்தும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கலைப் படிப்பு படித்து நொந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நொடித்தது ஆரம்பச் சம்பளம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது படிப்புக்கு வாங்கிய கடன். 15,000 ரூபாய் சம்பளத்தில் ஆரம்பிக்கிற ஒரு பையன் கடன் இல்லாமல் இருந்தால், அறையைப் பகிர்ந்துகொண்டு, இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை கற்று, மூன்றாம் வருடம் நல்ல இடத்துக்கு மாறிவிடுவான். அதே பையன் கடனோடு இருந்தால் கற்றுக்கொள்ள நேரம் கொடுக்கிற வேலையை எடுக்க முடியாது. முதல் மாதத்திலிருந்தே பணம் கொடுக்கிற எதையாவது பிடித்தாக வேண்டும். அவன் தூரிகையைக் கீழே போடுவது அங்கேதான்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. 3 லட்சம் கடன் என்றால் அதே கணக்கில் மாதம் 4,000க்குக் கொஞ்சம் குறைவு. 4,000 கட்டிக்கொண்டே ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த துறையில் நிற்கலாம். 13,200 கட்டிக்கொண்டு நிற்க, கை நிறையச் சம்பளம் முதல் நாளே வேண்டும். சித்தப்பாவிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதுவரை 'ட்ராயிங்' என்றாலே ஒரே பதில் சொன்ன மனிதர், "அப்போ எந்தக் காலேஜுங்கறதுதான் விஷயம்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன் என்று சொல்லலாம்.

சில லட்சங்கள் வாங்கிக்கொண்டு அனிமேஷன், விஷுவல் கம்யூனிகேஷன், கேம் டிசைன் என்று சான்றிதழ் தருகிற தனியார் மையங்களும் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் அவற்றிலிருந்து ஆட்கள் மே மாதத்தில் வீடு தேடி வந்து, இன்றே முன்பணம் கட்டினால் சலுகை என்று அவசரப்படுத்தினால் கட்டாதீர்கள். அங்கே படித்து முடித்தவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கலையையும் சம்பாத்தியத்தையும் சேர்த்து யோசித்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கினார். அவரே இளம் வயதில் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர். பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வரானார். தன்னிடம் படித்து வெளியே போகிறவர்கள் ஓவியத்தை விற்று மட்டும் வாழ முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தக் குழுவினர் மெழுகிட்டுச் சாயம் போடுகிற பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, குடிசை போட்டு, மீதி நேரத்தில் வரைந்தார்கள். நமக்கெல்லாம் தெரிந்த ஓவியர் கே.எம். ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். அவருடைய கோடுகளில் அந்த வேலையால் எந்தக் குறையும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சம்பளம் ஒரு பக்கத்திலிருந்து வந்ததால்தான் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர்கள் தங்கள் விருப்பப்படி வரைய முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறைந்த செலவில் வரையக் கற்றுத்தருகிற அரசுக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன என்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. சென்னை எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. கும்பகோணத்தில் இன்னொன்று. பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலைப் பட்டம், நான்கு ஆண்டுப் படிப்பு. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு ஆகியவற்றோடு சென்னையில் ஜவுளி வடிவமைப்பு, சுடுமண், அச்சுக்கலை எல்லாம் உண்டு. சேர்வதற்குச் செய்முறைத் தேர்வு வைப்பார்கள், அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான், விடுதிச் செலவும் வண்ணம், தாள் செலவும் தனி. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, கோயில் கட்டடக்கலையை பி.டெக். பட்டமாகவே படிக்கலாம். கிரானைட் குவாரிகளுக்கு நடுவில் வளர்ந்த கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சினிமா என்றால் சென்னை எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, அனிமேஷன் எல்லாம் நான்கு ஆண்டுப் பட்டமாக இருக்கிறது.

இன்னும் பக்கத்தில், சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். டிப்ளமாவும் உண்டு, பி.டெக்.கும் உண்டு. நெசவு, சாயம், டிசைன் மூன்றும் ஒரே இடத்தில். பட்டுக்கூடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிற மாவட்டத்தில் இதன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய பெயருள்ள டிசைன் கல்லூரிகளைப் பற்றி அவள் முன்பே யூடியூபில் பார்த்துவைத்திருந்தாள். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி., சென்னை தரமணியில் இருக்கும் ஃபேஷன் டிசைன் கல்லூரியான நிஃப்ட், ஐ.ஐ.டி.க்களில் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டம். "அதுல சேர முடியாதாக்கா?" என்று கேட்டாள். அந்த வருடத்துக்கு முடியாது. பணத்தைப் பேசுவதற்கு முன்னாலேயே காலம் கடந்திருந்தது. ஐ.ஐ.டி. பி.டெஸ்ஸுக்கான யூசீட் தேர்வுக்கு அக்டோபர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு ஜனவரியில். என்.ஐ.டி.யின் முதல்நிலைத் தேர்வும், நிஃப்ட் தேர்வும் குளிர்காலத்திலேயே நடந்துவிடும். எங்கள் பிள்ளைகள் மே மாதத்தில் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பள்ளிகளில் 'நான் முதல்வன்' வழிகாட்டி வகுப்புகள் நடக்கின்றன, கல்லூரிக் கனவு நிகழ்ச்சியும் நடக்கிறது. அங்கே நீட், ஜே.இ.இ. கேள்விகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையாவது எழுந்து டிசைன் தேர்வுத் தேதியைக் கேட்டால், கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கும் சேர்த்துப் பதில் கிடைக்கும்.

இந்தத் தேர்வுகளில் என்ன கேட்பார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. யூசீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் எழுதுகிற பகுதியோடு கையால் வரைகிற பகுதியும் உண்டு. நிஃப்ட்டின் இரண்டாம் கட்டத்தில் பொருட்களைக் கொடுத்து ஒரு மாதிரியைச் செய்யச் சொல்வார்கள். சுற்றியிருப்பதைக் கூர்ந்து பார்க்கிற பழக்கம்தான் இதற்குப் பயிற்சி. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி கோச்சிங் போக வழியில்லாத பிள்ளை தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் அங்கே இருக்கும் நடுகற்களை உட்கார்ந்து வரையலாம். வில் பிடித்த வீரனின் தோள் எப்படித் திரும்பியிருக்கிறது, கல்லில் எவ்வளவு குறைந்த கோடுகளில் அவன் ஓடுகிறான் என்று பார்த்து வரைந்தவன், எந்த நாட்டு ஆசிரியர் முன்னாலும் தன் நோட்டை நீட்டலாம். ஆங்கிலம்தான் தடை. நிஃப்ட்டின் பொதுத் திறன் தாளில் ஆங்கிலப் பகுதி உண்டு. அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தினம் கொஞ்சம் படிப்பது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செலவும் கூடத்தான். நிஃப்ட், என்.ஐ.டி. இரண்டிலுமே நான்கு ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும். அங்கிருந்து வெளியே வருகிறவர்களுக்கு நல்ல நிறுவனங்கள் வாசலிலேயே நிற்கின்றன என்பதால், இந்த மாதிரி இடத்துக்குக் கடன் வாங்குவதை நான் எதிர்க்க மாட்டேன். பெயர் தெரியாத கல்லூரிக்கு அதே பணத்தைக் கடன் வாங்குவதைத்தான் கட்டாயம் எதிர்ப்பேன்.

பி.ஆர்க். என்கிற கட்டடக்கலைப் படிப்பைப் பற்றி நிறையப் பேசினோம். வரையவும் வேண்டும், கணக்கும் வேண்டும், முடித்தால் தொழில்முறைப் பட்டமும் கிடைக்கிறது. அதற்கான நாட்டா நுழைவுத் தேர்வை ரிசல்ட் நேரத்திலும் எழுதலாம் என்பதால் அந்த வழி அப்போதும் திறந்திருந்தது. சித்தப்பாவுக்குக் கட்டடம் என்றால் புரியும், அதனால் முகம் மலர்ந்தது. எத்தனை வருடம் என்று சித்தி கேட்டார். ஐந்து என்றதும் பேச்சு நின்றது.

பெண்பிள்ளை விஷயத்தில் எங்கள் ஊரில் படிப்பின் நீளமும் ஒரு விலைதான். மூன்று வருடம் என்றால் பொறுத்துக்கொள்கிற உறவுக்காரர்கள், ஐந்து வருடம் என்றால் பேச ஆரம்பிப்பார்கள். "அப்புறம் எப்போ கல்யாணம் பண்றது?" என்ற கேள்வி சித்தி வாயிலிருந்து வந்தாலும், அது சித்தியின் கேள்வி இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்களுடையது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம் ஆன பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். சித்தியிடம் நான் கடுமையாகத்தான் பேசினேன். இவள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருகிற மாப்பிள்ளை வேறு, இப்போது வருகிற மாப்பிள்ளை வேறு என்றேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே வருகிறது என்பதையும் சொன்னேன். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வண்ணமும் தாளும் வாங்க வீட்டில் கையேந்த வேண்டாம் என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் சித்தப்பாவின் விருப்பமான பொறியியல். அதையும் நான் ஒதுக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. 2021இலிருந்து நடக்கிறது. கணக்கும் இயற்பியலும் பிடித்த, வரையவும் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நான்கு வருடம் கடன் இல்லாமல் படித்துவிட்டு, டிசைன் மேல் ஆசை அப்படியே இருந்தால் சீட் (CEED) என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். என்கிற டிசைன் மேற்படிப்புக்குப் போகலாம். எந்தப் பட்டம் படித்தவரும் அதை எழுதலாம்.

நம் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் போன வழி கிட்டத்தட்ட இதுதான். தமிழ்நாட்டுக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார், அதற்குப் பிறகு ஐ.ஐ.டி. மும்பையின் தொழில்வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பு. முனைவர் பட்ட ஆய்வைத் தமிழ் எழுத்துருக்களைப் பற்றியே செய்தார். 2010 ஜூலையில் அவருடைய வடிவம் நாட்டின் அடையாளமானது. பதினேழு வயதில் எடுக்கிற முடிவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இவர்தான்.

ஆனால் கணக்கைக் கண்டாலே சுருங்குகிற பிள்ளையை, இலவசம் என்பதற்காக மட்டும் பொறியியலில் தள்ளக் கூடாது. அரியர் வைத்துக்கொண்டு நான்காம் வருடம் வரை தலை குனிந்து நடக்கிற பிள்ளைக்குக் கையில் இருந்த ஓவியமும் போய்விடும். என்னோடு படித்தவர்களில் அப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். என் சித்தி மகளுக்குக் கணக்கில் தேர்ச்சி உண்டு, ஆனால் விருப்பம் கொஞ்சமும் இல்லை. அவளிடமே கேட்டேன், "நாலு வருஷம் கணக்கு பண்ணுவியா?" தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா சொன்னா பண்ணுவேன்க்கா" என்றாள். சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

செயற்கை நுண்ணறிவு படம் வரைகிறதே, இனி ஓவியருக்கு வேலை உண்டா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பிளக்ஸ் வந்தபோது நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம், அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே மென்பொருளில் ஒரே வகை வேலையை மட்டும் தெரிந்தவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். படங்களுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி சேர்க்கிற வி.எஃப்.எக்ஸ். துறையில் வேறு காரணங்களால் வேலை போனபோதும் இதைப் பார்த்தோம். 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது இந்திய ஸ்டுடியோக்களுக்கு வருகிற வேலை வற்றியது. 2025 பிப்ரவரியில் அந்தத் துறையின் பெரிய நிறுவனமான டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள். திறமைசாலிகள்தான். அதனால் கையால் வரைவது, துணி, களிமண், அச்சு என்று ஏதாவது ஒரு பொருளைத் தொட்டுத் தெரிந்துகொள்வது, மென்பொருள் இரண்டு மூன்று பழகுவது, வாடிக்கையாளரிடம் பேசி விலை சொல்லத் தெரிவது ஆகிய எல்லாம் கலந்த படிப்பாகத் தேடச் சொல்கிறேன். ஒரு பொருளின் குணம் தெரிந்த டிசைனரை, படம் மட்டும் போடத் தெரிந்தவரைவிட நீண்ட நாள் வைத்துக்கொள்வார்கள். என் அலுவலகத்தில் நான் தினமும் பார்க்கிறது இது.

கடைசியில் அந்த வீட்டில் என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்தார்கள், கவின் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்தார்கள். செய்முறைத் தேர்வுக்குச் சித்தப்பாவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடம் கிடைத்தது. நான் காட்சித் தொடர்பு வடிவமைப்பை எடுக்கச் சொன்னேன், வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பதால். அவள் ஜவுளி வடிவமைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள், நூல்தான் தனக்குப் புரிகிறது என்றாள். அதில் எனக்கு இன்னமும் கொஞ்சம் கவலை இருக்கிறது. ஆனால் கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. கட்டணம் சித்தப்பாவின் கூலியில் அடங்கிவிட்டது, விடுதிச் செலவுக்குச் சித்தி பால் காசிலிருந்து மாதாமாதம் அனுப்புகிறார். லேப்டாப் இரண்டாம் ஆண்டில் வாங்கித் தருவதாக நான் ஏற்றிருக்கிறேன்.

அவள் தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. அவனும் வரைகிறான், வண்டிகள்தான் அதிகம். பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கணக்கு இருக்கிற குரூப்பை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பி.ஆர்க்.குக்கும் பொறியியலுக்கும் அது இல்லாமல் முடியாது, டிசைன் தேர்வுகளுக்கு எந்தக் குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் யூசீட் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கட்ட வேண்டிய பணத்தை இப்போதே எடுத்துவைக்கிறேன் என்றார்.